கடும் நிறச் சுவருக்கு மேல் ஒரு கோட் போதாது



டிசம்பர் விடுமுறை நெருங்குகிறது. வாட்சப் குழுமங்களில் மறுபடியும் அதே பேச்சு: "நம்மட பெட்ச் சார்பா ஸ்கூலுக்கு பெயின்ட் அடிச்சிக் குடுப்பம்." அந்த நிய்யத்துக்கு அல்லாஹ் கூலி தரட்டும். ஆனால் வாளி இறங்க முதல், அந்தச் சுவர்களுக்கு நடுவில் வருஷம் முழுக்க நிற்கிற ஆசிரியர்கள் நாங்கள் சிலதைப் பச்சையாகச் சொல்லத்தான் வேண்டும். சிலருக்குக் கசக்கும்.

வகுப்பறைக்குள் மெரூன், கடும் நீலம், போத்தல் பச்சை அடிப்பதை நிறுத்துங்கள். ஏற்கனவே அடித்ததை மாற்றத்தான் வருகிறீர்கள் என்றால் முழுசாக மாற்றுங்கள். அரைகுறையாக என்றால் தொடவே வேண்டாம்.

பாடசாலைக் கொடியின் நிறம் கொடியில் இருக்கட்டும், கழுத்துப் பட்டியில் இருக்கட்டும். நாலு சுவரிலும் ஏன்? வெள்ளைச் சுவர் தன் மேல் படுகிற வெளிச்சத்தில் நூற்றுக்கு எண்பது பங்கு அளவில் திருப்பித் தரும். கடும் நீலமும் மெரூனும் பத்துப் பங்கு தந்தாலே பெரிய விஷயம். மிச்சத்தைச் சுவர் விழுங்கிவிடும். அரைச்சுவர் வைத்த பழைய மண்டபங்களில் இது பெரிதாகத் தெரியாது, இரண்டு பக்கமும் வெளிச்சம் வரும். புதிதாக எழும்பிய மாடிக் கட்டடங்களில் ஒரு பக்கம்தான் ஜன்னல். மாரி மாதம், வானம் இருட்டி, கரண்டும் போனால், ஜன்னலுக்கு எதிர்ப்பக்கம் இருக்கிற பிள்ளைக்குக் கொப்பியில் தான் எழுதியதே தெரியாது. 'ள'வையும் 'ன'வையும் மாற்றி எழுதுகிறாள் என்று தாய்க்கு முறைப்பாடு சொல்ல முதல், அவள் எந்தச் சுவர் ஓரம் இருக்கிறாள் என்று பார்க்க வேண்டிய நிலைமையில் நாங்கள் இருக்கிறோம்.

"வெள்ளை அடிச்சா ஒரு மாசத்துல ஊத்தையாகும் சேர்." இதுதான் வழக்கமான பதில். உண்மைதான், கை படுகிற உயரத்தில் ஊத்தையாகும். அதற்காகக் கூரை வரைக்கும் இருட்டடிப்பதா? கீழே நாலு அடிக்குக் கழுவக்கூடிய பெயின்டில் இளஞ்சாம்பலோ மணல் நிறமோ அடியுங்கள். அதற்கு மேலே வெள்ளை, இல்லாவிட்டால் தந்த நிறம். தரம் ஒன்று பிள்ளைகளுக்கு நிறம் வேண்டும்தான், அதில் எங்களுக்கு மறுப்பில்லை. படங்களில், அட்டைகளில், அவர்கள் செய்த கைவேலையில் நிறம் நிறையவே வரும். பின்சுவர் வெளிறி இருந்தால்தான் அந்தப் படங்களும் எடுபடும்.

இனி, மாற்றுகிற விதம். எங்கள் சண்டை உண்மையில் இதில்தான்.

மூன்று வருஷத்துக்கு முதல் ஒரு பெட்ச் மெரூன் அடித்தது. அடுத்த பெட்ச் வந்து அதற்கு மேல் கிறீம் நிறத்தில் ஒரு கோட் இழுத்தது. கால்கோள் விழாவுக்குப் போட்டோ நன்றாக வந்தது. தவணை முடிய முதல் மெரூன் எட்டிப் பார்க்கத் தொடங்கியது: மேசை உரசிய இடமெல்லாம் சிவப்புக் கீறல், மற்ற இடம் பழைய இரத்தக் கறை மாதிரி மங்கல். இது எங்கள் பாடசாலைக் கதை மட்டுமில்லை, உங்கள் ஊர்ப் பாடசாலையிலும் போய்ப் பாருங்கள்.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம். இருபதுக்கு இருபது அடி வகுப்பறை, பத்தடி உயரம். நாலு சுவரும் 800 சதுர அடி. கதவு, ஜன்னல் கழித்தால் 600 என்று வைப்போம். ஒரு லீற்றர் எமல்சன் ஒரு கோட்டுக்குச் சுமார் 100 சதுர அடி பிடிக்கும். ஆக ஒரு கோட்டுக்கே ஆறு லீற்றர். பத்து லீற்றர் வாளி ஒன்றை இறக்கி "இதுல ரெண்டு ரூம் முடிங்க பாஸ்" என்றால் பாஸ் என்ன செய்வார்? தண்ணீர் கலப்பார். அவரில் பிழையில்லை, வாளி வாங்கினவர்கள்தான் பிழை.

கடும் நிறத்தை மறைப்பது விலை கூடின பெயின்ட் இல்லை, அதற்கு அடியில் போகிற வெள்ளை அண்டர்கோட். அதை விட்டுவிட்டு மேல் பெயின்டை மட்டும் நம்பினால் நாலு ஐந்து கோட் போனாலும் மெரூன் இளஞ்சிவப்பாக மேலே தெரியும். ஒழுங்கான வேலை என்றால் முதலில் சுவரைச் சவர்க்காரத் தண்ணியால் கழுவ வேண்டும். ஆணி ஓட்டை, வெடிப்புகளை வோல் பில்லரால் அடைத்துக் காயவிட்டுத் தேய்க்க வேண்டும். பிறகு அண்டர்கோட், அது காய்ந்த பிறகு வெளிறிய நிறத்தில் இரண்டு கோட். கூரை ஒழுகிச் சுவர் ஈரம் குடித்திருந்தால் அதைத் திருத்தும் வரைக்கும் பெயின்ட் வாளியைத் திறக்கவே வேண்டாம். நம்மட கடற்கரை ஊர்களில் உப்புப் பூத்த சுவரில் எந்தப் பெயின்டும் நிற்காது.

கீழ்ப்பகுதியில் பளபளப்பான எனாமல் இருக்கிறதா? அதற்கு மேல் நேரே எமல்சன் அடித்தால் பாம்புச் சட்டை மாதிரி உரியும். பளபளப்புப் போகத் தேய்த்து, எனாமலில் பிடிக்கிற அண்டர்கோட் போட்டே ஆக வேண்டும். சிக்கனம் என்று சுண்ணாம்பு கரைத்து அடிக்கச் சொல்கிற பெரியவர்களுக்கு மரியாதையோடு ஒன்று: வெறும் சாந்துச் சுவருக்குச் சுண்ணாம்பு நல்லது. எனாமலுக்கு மேல் அது பிடிக்காது, பிள்ளைகளின் முதுகில்தான் ஒட்டும்.

இந்தத் தேய்க்கிற வேலையில்தான் எங்களுக்குக் கோபமே. சிரமதானம் என்று சனிக்கிழமை பிள்ளைகளை வரவழைத்து, கையில் உடைந்த கத்தியும் சேன்ட் பேப்பரும் கொடுத்து, பழைய பெயின்டைச் சுரண்ட விடுகிறார்கள். தூசு எழும்புகிறது, சிறுவர்கள் தும்முகிறார்கள், யாரோ ஒருவர் லைவ் போடுகிறார். பிறகு அதே பிள்ளைகள் ஈக்கில் கட்டால் அதைக் கூட்டி அள்ளிவிட்டு, அரைகுறையாகக் கை கழுவி பனிஸ் சாப்பிடுகிறார்கள்.

அந்தத் தூசில் என்ன இருக்கிறது தெரியுமா? பெயின்டில் ஈயத்துக்கு இந்த நாட்டில் கட்டாய எல்லை நடைமுறைக்கு வந்தது 2013இல்தான். அப்போது வந்த எல்லை எனாமலுக்குப் பத்து இலட்சத்தில் 600 பங்கு, எமல்சனுக்கு 90 பங்கு. அதற்கு முதல் அடித்த எனாமல், அதுவும் மஞ்சள், சிவப்பு, பச்சை மாதிரியான நிறங்கள் என்றால், ஈயம் இருக்கிறது என்று எடுத்துக்கொண்டுதான் வேலை செய்ய வேண்டும். ஜன்னல் கம்பி, கதவு நிலை, சுவரின் கீழ்ப்பகுதி எல்லாம் அந்தக் காலத்து எனாமல்தான் பல பாடசாலைகளில். ஈயத்துக்குப் பாதுகாப்பான அளவு என்று ஒன்று தெரியவில்லை என்று உலக சுகாதார நிறுவனமே சொல்கிறது. வாய்க்குள் போகும் ஈயத்தைச் சிறு பிள்ளையின் உடம்பு பெரியவரைவிடப் பல மடங்கு உறிஞ்சும், அது மூளை வளர்ச்சியைத் தாக்கும். படிப்பில் பின்தங்குகிறார்கள் என்று மேலதிக வகுப்பு வைக்கிற நாம், அந்தப் பிள்ளைகளின் கையிலேயே சுரண்டுகிற கத்தியைக் கொடுப்பது என்ன நியாயம்?

பழைய எனாமலைக் காயத் தேய்க்கக் கூடாது, நெருப்புக் காட்டி உரிக்கவும் கூடாது. தண்ணி தெளித்து, வோட்டர் பேப்பரால், வளர்ந்தவர்கள், முகமூடி போட்டுக்கொண்டு தேய்க்க வேண்டும். நிலத்தில் பொலித்தீன் விரிக்க வேண்டும். விழுந்ததைத் தும்புத்தடியால் கூட்டாமல் ஈரத் துணியால் துடைத்துக் கட்டி எடுக்க வேண்டும். நன்றாகப் பிடித்திருக்கிற பெயின்டைச் சுரண்டவே தேவையில்லை, பளபளப்பை மட்டும் ஈரமாக எடுத்தால் போதும். தவணை தொடங்க இரண்டு நாளைக்கு முதல் அடித்து முடித்து, அந்த வாடைக்குள் பிள்ளைகளை இருத்தவும் வேண்டாம்.

"இவ்வளவும் செய்யக் காசு எங்க?" காசு இருக்கிறது. போன முறை டீ சேர்ட்டுக்கு இருந்தது, கிரனைட் பெயர்ப்பலகைக்கு இருந்தது, ட்ரோன் கமராவுக்கும் இருந்தது. ஸதகாவாகச் சேர்த்த காசு அமானிதம். ஒரே சுவருக்கு மூன்று வருஷத்தில் மூன்று தரம் அடிப்பதற்கு மார்க்கத்தில் என்ன பெயர் என்று மௌலவிமாரிடம் கேட்டுப் பாருங்கள். எட்டு வகுப்பறைக்கு ஒரு கோட் இழுக்கிற காசில் இரண்டு வகுப்பறையை ஒழுங்காக முடியுங்கள். மிச்சத்தை அடுத்த பெட்ச் பார்த்துக்கொள்ளட்டும்.

பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டம் வரும்போது, எந்த நிறம், எத்தனை லீற்றர், அண்டர்கோட் உண்டா இல்லையா என்று எழுத்தில் கேட்போம். பெற்றோரும் வந்து கேளுங்கள். சுரண்டுகிற சிரமதானத்துக்கு எங்கள் வகுப்புப் பிள்ளைகளை அனுப்பமாட்டோம், அதை அதிபரிடமும் சொல்லிவிட்டோம். வளர்ந்தவர்கள் வாருங்கள், வோட்டர் பேப்பரோடு நாங்களும் வருகிறோம்.