கண்ணீர் வழிந்தாலும் கண் வறளுமா?

கோரிப்பாளையம் சந்திப்பில் கால் மணி நேரம் நின்று பாருங்கள். பஸ் புகை ஒரு பக்கம், புழுதி ஒரு பக்கம். கண்ணைக் கசக்காமல் அந்த இடத்தைக் கடப்பவர் அபூர்வம். அங்கே ஒரு மருந்துக் கடையில் நான் கண்ட காட்சி இது. கண் சிவந்து, கன்னத்தில் நீர் வழிய, ஒரு தையற்காரர் வந்தார்.

"தம்பி, கண்ணில் மணல் விழுந்த மாதிரி உறுத்துது. போன தடவை கொடுத்த சொட்டு மருந்தே கொடுங்க."

"இந்தாங்கண்ணே!"

புட்டி கை மாறிவிட்டது. கண்ணை யாரும் சோதிக்கவில்லை. கண்ணீரைப் பற்றிக் கேட்கவே வேண்டாம்!

அவருக்கு இருப்பது கண் வறட்சியாக இருக்கலாம் என்றால் வாசகர்கள் சிரிப்பார்கள். "நீர்தான் கொட்டுகிறதே, வறட்சி எங்கே வந்தது?" என்பார்கள். வேடிக்கையே அங்கேதான் இருக்கிறது.

சுண்டிய குழம்பு

கண்ணீர் வெறும் உப்புத் தண்ணீர் அல்ல. இமையோரச் சுரப்பிகள் தரும் எண்ணெய், கண்ணீர்ச் சுரப்பி தரும் நீர், வழவழப்பான சளி ஆகிய மூன்றும் சேர்ந்த கலவை அது. அதில் காவலாளியும் உண்டு. கண்ணீரில் கிருமிகளைக் கரைக்கும் 'லைசோசைம்' இருப்பதை 1922-ல் வெளியிட்டவர், பின்னால் பெனிசிலினைக் கண்டுபிடித்த அலெக்ஸாண்டர் பிளெமிங்.

எண்ணெய் குறைந்தால் நீர் விரைவில் ஆவியாகிறது. குழம்பு சுண்டினால் உப்புக் கரிக்கிறதல்லவா? அதே கதைதான். உப்பு ஏறிய கண்ணீர் விழியைப் புண்படுத்துகிறது. கண் பதறிப்போய் நீரைக் கொட்டுகிறது. அந்த நீரில் எண்ணெயும் சளியும் போதாததால், விழியில் தங்காமல் வழிந்தோடிவிடுகிறது.

காகிதம் சொல்லும் சேதி

இதைக் கண்டறிய வழி இல்லையா? 1903-லேயே ஜெர்மானிய டாக்டர் ஷிர்மர் ஒரு வழி சொன்னார். மை ஒற்றுவது போன்ற சிறு காகிதத் துண்டைக் கீழிமையில் மாட்டி, ஐந்து நிமிடம் விடவேண்டும். 5 மில்லிமீட்டருக்கு மேல் நனையவில்லை என்றால் நீர் வற்றிவிட்டது என்று பொருள்.

ஆனால் காகிதம் நீரின் அளவைச் சொல்லுமே தவிர, குணத்தைச் சொல்லாது. அதற்கு இப்போது கருவி வந்திருக்கிறது. ஊசிமுனை அளவு கண்ணீர் போதும். உப்புச் செறிவைக் காட்டிவிடும். லிட்டருக்கு 308 மில்லி ஆஸ்மோலைத் தாண்டினால் வறட்சி என்று சந்தேகிக்கலாம். அழற்சியைக் காட்டும் ஒரு புரதத்தைக் கண்டறியும் சோதனையும் உண்டு. ஒரே சோதனை தீர்ப்புச் சொல்லிவிடாது. எல்லாவற்றையும் சேர்த்துப் பார்ப்பதுதான் டாக்டரின் வேலை.

இந்த வித்தை மதுரைக்குப் புதிதல்ல. காளானால் கருவிழியில் புண் வந்தவர்களின் கண்ணீர்ப் புரதங்களை ஆராய்ந்து, மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தாரும் அரவிந்த் கண் மருத்துவமனையாரும் 2008-ல் முடிவுகளை வெளியிட்டார்கள். 1976-ல் 11 படுக்கைகளோடு தொடங்கிய மருத்துவமனை அது!

நாம் செய்ய வேண்டியது

ஆராய்ச்சி நடந்த ஊரிலேயே தையற்காரர் கடை மருந்தை நம்பி நிற்பது நியாயமா? எண்ணெய் குறைந்தவருக்கு இமைமேல் வெதுவெதுப்பான ஒத்தடம் உதவும். நீர் குறைந்தவருக்குச் செயற்கைக் கண்ணீர் வேண்டும். வாய் வறட்சியும் மூட்டு வலியும் சேர்ந்திருந்தால் உடம்பையே சோதிக்க வேண்டும். கேட்டு வாங்கும் புட்டியில் ஸ்டீராய்டு இருந்து, அதை மாதக் கணக்கில் விட்டுவந்தால், கண்ணுக்குள் அழுத்தம் ஏறிப் பார்வையே பறிபோகலாம்.

கடைக்காரரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. காகிதத் துண்டுக்குப் பெரும் செலவில்லை. கண் பார்க்கும் ஒவ்வொரு அரசு மருத்துவமனையிலும் முகாமிலும் அந்தச் சோதனை நடக்க வேண்டும். புதிய கருவிகள் மாவட்டத் தலைநகருக்காவது வர வேண்டும்.

இரத்தத்தைச் சோதிக்காமல் சர்க்கரை நோய்க்கு மருந்து கொடுத்தால் ஒப்புக்கொள்வோமா? கண்ணீருக்கும் அந்த மரியாதையைக் கொடுப்போம். ஊசியில் நூல் கோத்துக் குடும்பத்தைக் காப்பாற்றும் கண்கள் அவை!