பெட்டியையே மாற்றணுமாம்!

சென்ற மாதம் ஒரு மதியம், இந்திரா காந்தி சிலை சிக்னலில் நிற்கும்போது காரின் வெப்பமானி முள் மேலே ஏற ஆரம்பித்தது. ஏ.சி.யை அணைத்துவிட்டு ஓரமாக உருட்டி வீடு சேர்ந்தேன். ரேடியேட்டர் விசிறி சுற்றவில்லை.

மறுநாள் சர்வீஸ் சென்டரில் ஃப்யூஸ் பாக்ஸைத் திறந்து விசிறியின் ரிலேயைப் பிடுங்கினார்கள். நான்கு கால்களில் ஒன்று கறுத்திருந்தது. அது உட்காரும் சாக்கெட்டின் பிளாஸ்டிக் உருகி வழிந்திருந்தது. பையன் கம்ப்யூட்டரைத் தட்டிவிட்டு, "ஃப்யூஸ் பாக்ஸ் முழுசா மாத்தணும் சார், 18,400 ரூபாய்" என்றான். ஏன் உருகியது தம்பி என்று கேட்டேன். "பழைய வண்டி சார்."

இது பதிலா? கோப்பில் ஒரு தாள் கிழிந்தால் பசை போட்டு ஒட்டுவோமே தவிர, அலமாரியையே மாற்றச் சொல்லி யாராவது குறிப்பு எழுதுவார்களா? எழுதியிருந்தால் எங்கள் சூப்பரிண்டெண்டென்ட் என் முகத்திலேயே வீசியிருப்பார்.

உருகிய காரணம் சிக்கலானதே அல்ல. ரிலேயின் காலைச் சாக்கெட்டுக்குள் ஒரு பித்தளைக் கவ்வி பிடித்திருக்கிறது. வருஷக்கணக்கில் அதிர்ந்து அந்தப் பிடி தளர்கிறது. தளர்ந்த இடத்தில் மின்தடை கூடும், மின்தடை கூடினால் சூடு, சூட்டில் கவ்வி இன்னும் தளரும். 20 ஆம்பியர் ஓடும் இடத்தில் 0.05 ஓம் தடை இருந்தாலே 20 வாட் சூடு. ஏறக்குறைய ஒரு சின்ன சால்டரிங் அயர்னை அந்தப் பெட்டிக்குள் செருகி வைத்த மாதிரி. பிளாஸ்டிக் உருகாமல் என்ன செய்யும்?

அப்போது ஃப்யூஸ் ஏன் போகவில்லை என்று கேட்பீர்கள். ஃப்யூஸ் ஓடும் மின்சாரத்தின் அளவைத்தான் பார்க்கும், பக்கத்து வீட்டுச் சூட்டைப் பார்க்காது. நாங்கள் படித்த பிரெஞ்சில் ஃப்யூஸுக்கு 'ஃபுசீப்ள்' என்று பெயர், உருகக்கூடியது என்று அர்த்தம். இங்கே உருக வேண்டியது உருகவில்லை, உருகக் கூடாதது உருகிவிட்டது!

பெரிய கடைக்காரர்கள் மட்டும்தான் இப்படி என்று நினைக்க வேண்டாம். திரும்பும் வழியில் ஒரு சாலையோர மெக்கானிக், "ரிலேயே வேணாம் ஐயா, டைரக்டா கொடுத்துடறேன்" என்றார். முன்னவர் பணத்தைக் கரைக்கிறார், இவர் வண்டியைக் கொளுத்தப் பார்க்கிறார். காரணத்தை இருவருமே தேடவில்லை. விசிறி மோட்டார் இறுகிப்போய் அதிக மின்சாரம் இழுத்தால், 18,400 ரூபாய்ப் பெட்டியும் இப்படித்தான் கறுக்கும்.

கடைசியில் எங்கள் தெருக்கோடி எலக்ட்ரீஷியன்தான் செய்தார். முதலில் பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றினார். பெட்டியைத் தூக்கிக் கவிழ்த்து, அந்த ஒரு ரிலேக்குப் போகும் வயர்களை மட்டும் வெட்டினார். வெப்பம் பட்ட வயரின் செம்பு உள்ளேயும் கறுத்திருக்கும். பளபளப்பான செம்பு தெரியும்வரை வெட்டிக்கொண்டே போனார். குறைந்த நீளத்துக்கு அதே கனத்தில் வயர் சேர்த்து, புது டெர்மினல்களை அதற்குரிய குறடால் அழுத்தி, தனி ரிலே சாக்கெட் ஒன்றைப் பெட்டிக்குப் பக்கத்தில் திருகினார். பழைய ரிலேயைத் திரும்பப் போடவில்லை. கறுத்த கால் புதுச் சாக்கெட்டையும் கெடுக்கும் என்றார். பிறகு விசிறி எத்தனை ஆம்பியர் இழுக்கிறது என்று கிளாம்ப் மீட்டர் வைத்துப் பார்த்தார், சரியாக இருந்தது. கூலியும் பொருளும் சேர்த்து 850 ரூபாய்.

எல்லா வண்டியிலும் இது நடக்காது, அதையும் சொல்லிவிடுகிறேன். சிலவற்றில் சாக்கெட் உள்ளே இருக்கும் சர்க்யூட் பலகையோடு பற்றவைக்கப்பட்டிருக்கும். அங்கே பெட்டியை மாற்றுவது நியாயமாகவே இருக்கலாம். ஆனால் அதைத் திறந்து பார்த்துவிட்டுச் சொல்லட்டும், கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு அல்ல.

பிரான்சில் 2017 முதல், பழுதுபார்க்கும் கடைகள் குறிப்பிட்ட சில பாகங்களுக்குப் பயன்படுத்திய நல்ல பாகமும் உண்டு என்று வாடிக்கையாளருக்குச் சொல்லியாக வேண்டும். இங்கேயும் மத்திய அரசு 2022 டிசம்பரில் பழுதுபார்க்கும் உரிமைக்கென ஓர் இணையதளம் திறந்தது, கார்களும் அதில் அடக்கம். பென்ஷனில் வண்டி ஓட்டுகிற நாம்தான் கேட்காமல் கையெழுத்துப் போடுகிறோம். எந்தக் கால் கறுத்தது, ஏன் கறுத்தது, இரண்டையும் எஸ்டிமேட்டிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள்.

நானும் அன்று எழுதித் தரச் சொன்னேன். "மேனேஜர் லீவு சார்" என்றான் பையன். கறுத்த ரிலேயும் கவ்வியும் என் மேஜை இழுப்பறையில் இருக்கின்றன. பார்க்க விரும்புகிறவர்கள் காலை பத்து மணிக்கு மேல் வீட்டுக்கு வரலாம்.