குழந்தையின் அப்பா எங்கே?

ஃபேர்லேண்ட்ஸ் வீதியில் பையன்கள் டென்னிஸ் பந்தால் உங்கள் ஜன்னலைப் பதம் பார்த்தால், காதைத் திருகுமுன் சற்றுப் பொறுங்கள், சகோதரி! இதே சேலம் ஜில்லாவில், சின்னப்பம்பட்டியில், டென்னிஸ் பந்தோடு வளர்ந்தவர்தான் நடராஜன். தாயார் சாலையோரம் கோழிக்கறி விற்றவர்.

2020-ல் வலைப் பயிற்சிக்குப் பந்து போடத்தான் ஆஸ்திரேலியா போனார். மற்றவர்கள் காயம்பட, ஒருநாள், இருபது ஓவர், டெஸ்ட் மூன்றிலும் இந்தியாவுக்காக இறங்கிவிட்டார். ஒரே பயணத்தில் மூன்றிலும் அறிமுகமான முதல் இந்தியர் அவரே. பிரிஸ்பேன் டெஸ்டின் முதல் இன்னிங்ஸில் மூன்று விக்கெட்!

ஊர் திரும்பியதும் ரதத்தில் ஊர்வலம். அது இருக்கட்டும். நவம்பரில் மகள் பிறந்தபோது அவர் அரபு நாட்டில், ஐ.பி.எல். ஆட்டத்தில். அங்கிருந்தே ஆஸ்திரேலியா. குழந்தையை நேரில் பார்த்தது 2021 ஜனவரியில்தான்! நடுவே எத்தனை ராத்திரி என்று உங்களுக்கா சொல்ல வேண்டும்?

ஏப்ரலில் முழங்காலில் ஆபரேஷன். அப்போதாவது தூளி ஆட்டியிருப்பார்!