படியும் தராசும்

பள்ளி மதிய உணவுக்கு மத்திய சர்க்கார் வகுத்துள்ள விதியில், ஆரம்பப் பள்ளிக் குழந்தை ஒன்றுக்கு நாளொன்றுக்குத் தானியம் 100 கிராம், பருப்பு 20 கிராம் எனக் கண்டிருக்கிறது. விதி பேசுவது நிறை. சமையற்கூடத்தில் கைக்கு அகப்படுவதோ படியும் டம்ளரும்.

படி இடத்தை அளக்குமேயன்றி நிறையைக் காட்டாது. எட்டு ஆழாக்கு ஒரு படி என்பது எப்பண்டத்துக்கும் பொது. அப்படியின் நிறையோ பண்டத்துக்குப் பண்டம் வேறு. 240 மில்லி லிட்டர் கிண்ணம் நிறையச் சர்க்கரை ஏறக்குறைய 200 கிராம். மைதா மாவோ சுமார் 120 கிராமே. அதே மாவை அமுக்கி இட்டால் நிறை ஏறும். தலைதட்டிய படி ஒன்று. குவித்த படி வேறொன்று. ஆகவே எல்லாவற்றிற்கும் ஒரே மாற்றெண் தேடுவது வீண்.

நாடெங்கும் ஒரே அளவை வேண்டுமென 1956-ல் சட்டம் செய்தோம். 1958 அக்டோபரில் கிலோகிராம் கடைவீதிக்கு வந்தது. அடுப்பங்கரைக்கு இன்னும் முழுதும் வந்து சேரவில்லை.

வழி எளிது. கூடத்துப் படியில் அரிசி, பருப்பு ஒவ்வொன்றையும் தலைதட்டி அளந்து, மும்முறை தராசிலிட்டுச் சராசரியைச் சுவரில் எழுதி வைக்க வேண்டும். புதுச் சரக்கு வந்தால் மீண்டும் நிறுக்க வேண்டும். இதை அற்ப விஷயமென்று பொதுநலத் தொண்டர் தள்ளலாகாது. அளவு தவறினால் நஷ்டமடைவது, வாய்திறந்து கேட்கவறியாத ஏழைக் குழந்தையேயாகும்.