மலையகத்து இருதயத்தைக் காண்பவர் யார்?

மார்பெலும்பைப் பிளக்காமல், தொடை நாளத்தின் வழியே மெல்லிய குழாயொன்றைச் செலுத்திப் பழுதுபட்ட பெருநாடி வால்வினுள் புதிய வால்வை வைத்துவிடலாம் என்பதை 2002-இல் பிரான்சின் ரூவான் நகரில் வைத்தியர் அலென் கிரிபியே செய்து காட்டினார். உப்பிப் பருத்த பெருநாடிக்குள் உறைக்குழாய் பொருத்தும் முறைக்குச் சோவியத் உக்ரைனின் கார்கிவ் நகரில் 1987-இல் வோலொடோஸ் வழிகோலினார். 1990-இல் ஆர்ஜன்டீனாவின் பரோடி வயிற்றுப் பெருநாடியில் அதைச் செய்தார். மானிட அறிவின் இவ்வெற்றிகளை நாம் மனமார வரவேற்கிறோம்.

இவ்வெற்றியில் கையைவிடக் கண்ணுக்கே பங்கு அதிகம். சி.டி. ஸ்கேன் படத்தில் வால்வு வளையத்தின் அகலமும், தொடை நாடியின் வழியும் மில்லிமீற்றர் கணக்கில் முன்னரே அளக்கப்படுகின்றன. அளவு தவறினால் வால்வின் ஓரத்தே இரத்தம் கசியும். அன்றேல் நாடி கிழியும். வயிற்றுப் பெருநாடியின் இயல்பான அகலம் ஏறத்தாழ 2 சென்ரிமீற்றர். ஆண்களில் அது 5.5 சென்ரிமீற்றரை எட்டினால் சிகிச்சையை யோசிப்பர். வெடிக்கும்வரை பெரும்பாலும் வலியே இராது. 1955-இல் ஐன்ஸ்டைனின் உயிரைக் கொண்டுபோனது இந்நோயே. சாதாரண அல்ட்ராசவுண்ட் கருவியே இதைக் காட்டிக்கொடுத்துவிடும். பிரித்தானியாவில் 65 வயது ஆண்களை அழைத்துப் பார்க்கிறார்கள்.

தலவாக்கலையில் யார் அழைத்துப் பார்க்கிறார்கள்?

இவ்வூரில் விஞ்ஞானம் இல்லையென்று சொல்லமாட்டோம். 1925-இல் தோற்றுவிக்கப்பட்ட தேயிலை ஆராய்ச்சி நிலையம் இங்கேதான், சென் கூம்ஸ் தோட்டத்தில் இருக்கிறது. 1946-இல் கொப்புள நோய் இலங்கைத் தேயிலையைத் தாக்கியபோது விஞ்ஞானிகள் இலை இலையாக ஆராய்ந்தார்கள். நல்ல காரியம். கொழுந்தின் நோய்க்கு உண்டான அக்கறை, கொழுந்து பறிப்பவளின் மூச்சிரைப்புக்கு ஏன் உண்டாகவில்லை? 2012-இல் இயங்கத் தொடங்கிய மேல் கொத்மலைத் திட்டம் இவ்வூர் ஆற்றை மறித்து நாட்டுக்கு 150 மெகாவாட் மின்வலு தருகிறது. தலைநகரத்து ஸ்கேன் யந்திரங்களும் அந்த மின்சாரத்தில் பங்கு பெறுகின்றன.

"தோட்டத்துக்கு எதற்கு இந்த ஆடம்பரம்? முதலில் தண்ணீரும் மலசலகூடமும் வரட்டும்" என்பர் சில மேதாவிகள். அவையும் வேண்டும். ஆனால் இருதயநோய் செல்வர் வீட்டுச் சொத்தென்று நினைப்பது அறியாமை. ருமாற்றிக் காய்ச்சல் நெருக்கடியான வாழ்விடங்களில் தொண்டைப் புண்ணாகத் தொடங்கிக் குழந்தைகளின் வால்வுகளைச் சிதைக்கிறது. ஒரு குடும்பம் ஒரே காம்பிராவில் முடங்கும் லயம் அதற்கு விளைநிலமன்றோ? காலத்தே எக்கோ படத்தில் கண்டுகொண்டால், மூன்று நான்கு வாரங்களுக்கொருமுறை போடும் பெனிசிலின் ஊசி நோய் முற்றாமல் தடுக்கும். காணாது விட்டால் மார்பைத் திறந்தே வால்வை மாற்ற நேரலாம். தொடைவழிச் சிகிச்சையோ பெரும்பாலும் முதுமையில் சுண்ணாம்பேறிய வால்வுக்கே உரியது.

இலவச வைத்தியம் உண்டே என்பர். உண்டு, அதைக் காக்க நாமும் போராடுவோம். ஆயினும் தோட்டத்து வைத்தியம் வெள்ளைக்காரன் காலந்தொட்டு நிர்வாகத்தின் கையில் விடப்பட்டது. 1948-இல் பிரசாவுரிமை பறிக்கப்பட்ட மக்கள் தேசிய சுகாதார சேவையின் ஓரத்திலேயே நிறுத்தப்பட்டார்கள். 1990களில் தொடங்கிய அரசின் பொறுப்பேற்பு பல்லாண்டுகள் இழுபட்டது. கண்டிக்கோ கொழும்புக்கோ கிளினிக் போகிறவளுக்கு அன்று பேர் விழாது. 2024-இல் வர்த்தமானி அறிவித்த அடிப்படை நாட்சம்பளமே 1350 ரூபாவாகத்தான் இருந்தது. நாட்சம்பளத்தையும் இழந்து, பஸ் கூலியும் கொடுத்து அவள் தன் இருதயத்தைக் காட்டவேண்டும்!

தோட்டத்துக்கொரு சி.டி. யந்திரத்தை நாம் கேட்கவில்லை. பாடசாலைதோறும் எக்கோ கருவியுடன் வரும் வைத்தியக் குழு, முதிய தொழிலாளருக்கு அல்ட்ராசவுண்ட் பரிசோதனை, பெரிய வைத்தியசாலைக்குச் செல்ல வாகனம், கிளினிக் நாளுக்கு முழுப்பேர்: இவையே நமது கோரிக்கைகள். ஆசிரியர்களே, மைதானத்தில் நாலடி ஓடியதும் மூச்சுவாங்கி உட்காரும் பிள்ளையை முதலில் காண்பவர் நீங்கள். மாணவர்களே, அந்தப் பிள்ளை உங்கள் பக்கத்து வாங்கில் இருக்கிறது. அதைச் சோம்பல் என்று தள்ளிவிடாதீர்கள், வைத்தியரிடம் அனுப்புங்கள், அனுப்ப வழியில்லையெனில் வழி கேட்டுக் குரல் எழுப்புங்கள்.

1895-இல் எக்ஸ்-கதிரைக் கண்ட ரோன்ட்ஜன் அதற்குக் காப்புரிமை பெற மறுத்தார். மனிதகுலத்துக்கு அவர் விட்டுச்சென்ற அந்தக் கண்ணில் மலையகத்துக்கும் பங்குண்டு. அந்தப் பங்கையே நாம் கேட்கிறோம்.