சொகுசு காரின் விலைப்பட்டியலில் இல்லாத கணக்கு

சொகுசு செடான் கார் வாங்க எண்ணுவோர் முன் இன்று இரண்டு வழிகள் உள்ளன. ஒன்று, செங்கல்பட்டு மாவட்டம் மஹிந்திரா வேர்ல்டு சிட்டியில் 2007 முதல் இயங்கிவரும் ஆலையில் உருவாகும் பிஎம்டபிள்யூ 3 சீரிஸ். அதன் விலை ஏறக்குறைய 60 லட்சம் ரூபாய். மற்றொன்று, 2024 மார்ச் மாதம் 41 லட்சம் ரூபாய் தொடக்க விலையில் இந்தியாவில் அறிமுகமான, சீனத்தின் பிஒய்டி நிறுவனத் தயாரிப்பான சீல் மின்சார கார். முன்னதற்கு நூறாண்டுப் பெயர் இருக்கிறது. பின்னதற்கு விலை இருக்கிறது. இடையே நிற்கும் 15, 20 லட்சம் ரூபாய் எதற்கான விலை?

கும்மிடிப்பூண்டி சிப்காட் வளாகத்தில் வார்ப்பாலை நடத்தும் என் பழைய மாணவர் ஒருவர் அண்மையில் என்னிடம் இதைக் கேட்டார். வசதி படைத்தோர் சிலரின் கவலை என்று நாம் ஒதுக்கிவிடத் தேவையில்லை. பத்து லட்சம் ரூபாயில் கார் வாங்கும் நடுத்தரக் குடும்பமும் பழகிய நிறுவனமா, விலை குறைந்த புதிய நிறுவனமா என்ற இதே கேள்வியைத்தான் வேறு அளவில் எதிர்கொள்கிறது. திருவள்ளூர் மாவட்டத்தின் தொழிற்பேட்டைகளில் யாருக்கு எத்தனை காலம் வேலை இருக்கும் என்பதையும் இதற்கான விடையே பெருமளவு தீர்மானிக்கிறது.

முதலில் விலையைப் பார்ப்போம். விலைப்பட்டியலில் நாம் காணும் வித்தியாசத்தில் பெரும்பகுதி காரில் இல்லை, வரியில் இருக்கிறது. 2025 செப்டம்பர் 22 முதல் பெரிய பெட்ரோல், டீசல் கார்களுக்கு ஜிஎஸ்டி 40 சதவீதம். அதற்கு முன்பு மேல்வரியுடன் சேர்த்து 45 முதல் 50 சதவீதம் வரை இருந்தது. மின்சார கார்களுக்கு அது 5 சதவீதம் மட்டுமே. தமிழகத்தில் 2023 நவம்பர் முதல் 20 லட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட கார்களுக்கு வாழ்நாள் வரி 20 சதவீதம். மின்கல வாகனங்களுக்கு அதிலிருந்து விலக்கு தரப்பட்டுள்ளது. மறுபுறம், முழுமையாக இறக்குமதியாகும் கார்களின் மீது மதிப்பைப் பொறுத்து சுமார் 70 முதல் 110 சதவீதம் வரை சுங்கத் தீர்வை விழுகிறது. பாகங்களாகக் கொண்டுவந்து இங்கே பூட்டப்படும் கார்களுக்குத் தீர்வை மிகவும் குறைவு.

எளிய கணக்கு ஒன்று போடலாம். ஆலையிலிருந்து வரி இல்லாமல் 100 ரூபாய்க்கு வெளிவரும் மூன்று கார்கள் இருப்பதாகக் கொள்வோம். இங்கேயே தயாரான பெட்ரோல் கார், ஜிஎஸ்டியும் வாழ்நாள் வரியும் சேர்ந்து சாலைக்கு வரும்போது 168 ரூபாய். இங்கேயே தயாரான மின்சார கார் 105 ரூபாய். கப்பலில் வந்து 70 சதவீதத் தீர்வை செலுத்தும் மின்சார கார் 178 ரூபாய் 50 காசு. இத்தனை தீர்வையைச் சுமந்த பிறகும் இறக்குமதியான ஒரு கார், உள்ளூரில் பூட்டப்பட்ட காரைவிட மலிவாகக் கிடைக்கிறது என்றால், இரண்டு முடிவுகளுக்குத்தான் வர முடியும். புதியவரின் உற்பத்திச் செலவு வெகுவாகக் குறைந்திருக்க வேண்டும். அல்லது பழையவர் தன் பெயருக்காகக் கணிசமான தொகையை வசூலிக்க வேண்டும். இரண்டுமே உண்மை என்பது என் கணிப்பு.

அப்படியானால் பெயருக்குக் கொடுக்கும் பணம் வீண் செலவா? கார் என்பது அரிசி, பருப்பைப் போல வாங்கியதும் கணக்கு முடிந்துவிடும் பொருள் அல்ல. பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் உடன் வரும் பொருள். அத்தனை காலமும் உதிரிபாகம் வேண்டும். பழுது நீக்கத் தெரிந்தவர் வேண்டும். மின்சார காராக இருந்தால் மின்கலத்துக்கு உத்தரவாதமும் மென்பொருள் மேம்பாடும் வேண்டும். கைமாற்றி விற்கும்போது வாங்க ஆள் வேண்டும். ஆக, கார் வாங்குபவர் ஓர் இயந்திரத்தோடு ஒரு வாக்குறுதியையும் சேர்த்து வாங்குகிறார். அந்த வாக்குறுதி எத்தனை ஆண்டுகள் நிற்கும் என்பது விற்பவருக்கு ஓரளவு தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது. ஒருவருக்குத் தெரிந்து மற்றவருக்குத் தெரியாத நிலை சந்தையை எப்படிக் கெடுக்கும் என்பதை, பழைய கார் வியாபாரத்தையே உதாரணமாக வைத்து 1970இல் விளக்கியவர் ஜார்ஜ் அக்கர்லாஃப். 2001இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. பெயருக்குக் கொடுக்கும் கூடுதல் விலை, இந்த அறியாமைக்கு எதிராக நாம் கட்டும் காப்பீட்டுத் தவணை.

அந்தக் காப்பீடு நம்பத் தகுந்ததா என்பதே அடுத்த கேள்வி. அதற்கு விடை தேடத் திருவள்ளூருக்கு வெளியே போக வேண்டியதில்லை. 1998இல் திருவள்ளூரை ஒட்டிய இந்துஸ்தான் மோட்டார்ஸ் ஆலையிலிருந்து மிட்சுபிஷி லான்சர் வெளிவந்தது. 1942இல் தொடங்கிய, அம்பாசடர் காரால் நாடறிந்த இந்திய நிறுவனம்; உலகக் கார் பந்தயங்களில் பெயர் பெற்ற ஜப்பானிய நிறுவனத்தின் தொழில்நுட்பம். அன்றைய கணக்கில் லான்சர் ஒரு சொகுசு கார். வைத்திருப்பவரின் அந்தஸ்தை ஊருக்குச் சொன்ன கார். அதற்கு அடுத்த ஆண்டே, ஸ்ரீபெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டையிலிருந்து ஹூண்டாய் அக்சென்ட் வந்தது. கொரிய நிறுவனம் ஒன்றின் பெயரை அதற்குச் சில ஆண்டுகள் முன்புவரை நம்மில் பலர் கேள்விப்பட்டதே இல்லை. பெயரை நம்புவதா, புதியவரை நம்புவதா என்ற கேள்வி அன்றைக்கும் எழுந்தது.

காலம் என்ன தீர்ப்பு வழங்கியது? லான்சர் பெரிய மாற்றம் எதுவுமின்றி ஆண்டுக்கணக்கில் அதே உருவில் விற்கப்பட்டது. ஜப்பானில் 2000இல் வந்துவிட்ட அடுத்த தலைமுறைக் கார், சீடியா என்ற பெயரில் இங்கே வர 2006 ஆயிற்று. இடையில் போட்டியாளர்கள் பல படிகள் முன்னேறிவிட்டனர். இன்று மிட்சுபிஷியின் புதிய பயணிகள் கார் எதுவும் இந்தியாவில் விற்கப்படுவதில்லை. மேற்கு வங்கத்தின் உத்தரபாராவில் அம்பாசடர் உற்பத்தியும் 2014 மே மாதத்துடன் நின்றது. யாரும் அறியாதிருந்த ஹூண்டாயோ, நாட்டின் மிகப் பெரிய கார் நிறுவனங்களில் ஒன்றாகி, 2024 அக்டோபரில் சுமார் 27,870 கோடி ரூபாய்க்குப் பங்கு வெளியீடு செய்தது. பெயரை நம்பியவரின் கார் அனாதையானது. புதியவரை நம்பியவருக்கு இன்றும் தெருவுக்குத் தெரு பணிமனை இருக்கிறது.

லான்சர் தரத்தில் தாழ்ந்த கார் என்று அதை ஓட்டியவர் எவரும் சொல்ல மாட்டார். வேறுபாடு முதலீட்டின் தன்மையில் இருந்தது. திருவள்ளூர் ஆலை, மிட்சுபிஷி தன் பணத்தைப் போட்டுக் கட்டிய ஆலை அல்ல. தொழில்நுட்ப ஒப்பந்தத்தின் கீழ் மற்றொருவர் நடத்திய ஆலை. சந்தை சரிந்தால் ஜப்பானிய நிறுவனம் இழக்க வேண்டியது குறைவு. ஹூண்டாய் 1996 முதல் இருங்காட்டுக்கோட்டையில் சொந்தப் பணத்தை மண்ணில் புதைத்தது. அச்சுகளையும் வண்ணப்பூச்சுக் கூடத்தையும் இயந்திரப் பிரிவையும் திரும்பச் சுருட்டிக்கொண்டு போக முடியாது. இதையே பொருளியலார் மூழ்கிய செலவு என்பர். போவதற்கு விலை அதிகமாக இருப்பவரே தங்குவார்.

திருவள்ளூர் ஆலையின் பிற்கால வரலாறும் இதைத்தான் சொல்கிறது. 2010களில் இசுசு நிறுவனம் தன் வாகனங்களை ஒப்பந்த முறையில் அங்கே பூட்டியது. 2016இல் சொந்த ஆலை தயாரானதும், கும்மிடிப்பூண்டியைத் தாண்டி ஆரம்பாக்கம் எல்லைக்கு அப்பால் உள்ள ஆந்திரத்தின் ஸ்ரீசிட்டிக்கு இடம்பெயர்ந்தது. அடுத்து 2017இல் சி.கே. பிர்லா குழுமத்துடன் கூட்டுச் சேர்ந்து பிரெஞ்சு நிறுவனமான பிஎஸ்ஏ வந்தது. இன்று அது ஸ்டெலாண்டிஸ் குழுமத்தின் பகுதி. சிட்ரோயன் கார்கள் அங்கே தயாராகின்றன. ஒரே வளாகம், கால் நூற்றாண்டில் மூன்று நிறுவனங்களின் முத்திரைகள். ஒவ்வொரு முறை முத்திரை மாறும்போதும், அந்த மாடலுக்கென்று கடன் வாங்கி அச்சுகள் செய்துவைத்த சிறுதொழில் முனைவோரின் கையில் பழைய இரும்புதான் மிஞ்சும்.

சொந்த ஆலை இருந்தால் மட்டும் போதுமா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. மறைமலைநகரில் சொந்த ஆலை கட்டி 1999இல் ஐகான் காரை வெளியிட்ட ஃபோர்டு, 2021 செப்டம்பரில் இந்தியாவில் கார் உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தது. மூழ்கிய செலவு ஓர் அடையாளம்தான், சாசனம் அல்ல. எனினும் இங்கே ஒரு வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். உற்பத்தியை நிறுத்திய ஃபோர்டு, உதிரிபாகங்களையும் பழுதுநீக்கும் சேவையையும் தொடர்ந்தது; ஆலையை மீண்டும் பயன்படுத்தும் விருப்பத்தை 2024இல் தமிழக அரசிடம் தெரிவித்தது. சொத்து இருக்கும் இடத்தில் பொறுப்பும் எளிதில் அறுபடுவதில்லை.

புதியவர் நம்பிக்கையை ஈட்ட வேறு வழியும் உண்டு. 1989இல் டொயோட்டா, லெக்சஸ் என்ற புதிய பெயரில் அமெரிக்காவில் தன் முதல் பெரிய சொகுசு செடானை 35,000 டாலருக்கு விற்கத் தொடங்கியது. ஜெர்மானியப் போட்டியாளர்களின் விலையைவிட அது மிகக் குறைவு. சில மாதங்களிலேயே சிறு குறைபாடுகள் தெரியவந்தன. விற்ற சுமார் 8,000 கார்களையும் திரும்ப அழைத்தது நிறுவனம். உரிமையாளர் வீடுகளுக்கே சென்று கார்களை எடுத்துவந்து, சரிசெய்து திருப்பிக் கொடுத்தது. பெயரில்லாதவர் பெயரைச் சம்பாதித்த வரலாறு அது. பிரச்சினை வரும் நாளில் நிறுவனம் எப்படி நடந்துகொள்கிறது என்பதே அதன் உண்மையான விளம்பரம்.

இப்போது நம் கொள்கைக்கு வருவோம். 2020 ஏப்ரலில் வெளியான மத்திய அரசின் மூன்றாம் எண் பத்திரிகைக் குறிப்பு, நில எல்லையைப் பகிரும் நாடுகளிலிருந்து வரும் முதலீட்டுக்கு முன் அனுமதியைக் கட்டாயமாக்கியது. ஹைதராபாத்தின் மேகா இன்ஜினீயரிங் நிறுவனத்துடன் சேர்ந்து 100 கோடி டாலரில் கார் ஆலை அமைக்க பிஒய்டி முன்வைத்த திட்டத்துக்கு 2023இல் அனுமதி கிடைக்கவில்லை. எல்லைப் பாதுகாப்பு குறித்த அரசின் அச்சத்தை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் விளைவைப் பாருங்கள். அந்நிறுவனத்தின் கார் விற்கப்படுகிறது. அதன் முதலீடு வர முடியவில்லை. ஸ்ரீபெரும்புதூரில் அதற்குச் சிறிய அளவில் ஆலை இருந்தாலும், சீல் கப்பலில்தான் வருகிறது. வாங்குபவருக்குக் கார் கிடைக்கிறது; தங்குவார் என்பதற்கான அடையாளம் கிடைக்கவில்லை. கும்மிடிப்பூண்டி வார்ப்பாலைக்கோ இரண்டுமே கிடைக்கவில்லை. தூத்துக்குடியில் 2025 ஆகஸ்டில் ஆலையைத் திறந்த வியட்நாமின் வின்ஃபாஸ்ட்டும் இந்தியாவுக்குப் புதியவர்தான். ஆனால் அது பணத்தை மண்ணில் இறக்கிவிட்டு வாடிக்கையாளரை அழைக்கிறது. எது வெற்றி பெறும் என்பதைக் காலம் சொல்லும். எது தன்னைப் பிணை வைத்திருக்கிறது என்பதை இன்றே சொல்ல முடியும்.

2024 மார்ச்சில் மத்திய அரசு அறிவித்த மின்சார கார் திட்டத்தில் கவனத்துக்குரிய ஒரு விதி உண்டு. குறைந்தது 4,150 கோடி ரூபாய் முதலீடு செய்ய உறுதியளிக்கும் நிறுவனம், ஆண்டுக்கு 8,000 கார்கள் வரை 15 சதவீதத் தீர்வையில் இறக்குமதி செய்யலாம். ஆனால் விட்டுக்கொடுக்கப்படும் தீர்வைக்கு ஈடாக வங்கி உத்தரவாதம் தர வேண்டும். நிறுவனம் சொன்ன சொல் தவறினால் அரசின் பணம் அரசுக்குத் திரும்பும். சிறந்த ஏற்பாடு. தன் வருவாய்க்குப் பிணை கேட்கத் தெரிந்த அரசு, 40 லட்சம் ரூபாய் கொடுக்கும் குடிமகனுக்கு ஏன் அதைக் கேட்கவில்லை?

2019ஆம் ஆண்டு மோட்டார் வாகனத் திருத்தச் சட்டம், குறைபாடுள்ள வாகனங்களைத் திரும்ப அழைக்க ஆணையிடும் அதிகாரத்தை அரசுக்கு அளித்தது. பழுதுபார்க்கும் உரிமை குறித்து நுகர்வோர் விவகாரத் துறை 2022இல் அமைத்த குழுவின் வரம்பில் வாகனங்களும் இருந்தன. இந்தப் பாதையில் இன்னும் ஓர் அடி வைத்தால் போதும். இந்தியாவில் கார் விற்கும் ஒவ்வொரு நிறுவனமும், இறக்குமதியாளர் உட்பட, விற்ற நாளிலிருந்து பத்தாண்டுகள் உதிரிபாகமும் சேவையும் தரக் கடமைப்பட்டது என்று சட்டம் வரையறுக்க வேண்டும். அதற்கு ஈடாக விற்பனையின் ஒரு சிறு பங்கு பிணைத்தொகையாக நிற்க வேண்டும். நிறுவனம் வெளியேறினால் அத்தொகை வாடிக்கையாளருக்கும், அந்த மாடலை நம்பி முதலீடு செய்த சிறு உதிரிபாக ஆலைகளுக்கும் பயன்பட வேண்டும். இதனால் காரின் விலை சற்று உயரலாம். ஆனால் இன்று பெயருக்காக நாம் கொடுக்கும் கண்ணுக்குத் தெரியாத தவணையைவிட அது குறைவாகவே இருக்கும்; பெயரில்லாத நல்ல நிறுவனங்களுக்கு வாசலும் திறக்கும்.

அத்தகைய சட்டம் வரும்வரை வாங்குபவரே தனக்குக் காவல். உள்ளே செல்லும்போது விற்பனைக் கூடத்தின் பளபளப்பைவிட மூன்று விவரங்களைக் கேட்டுப் பெறுவது நல்லது. இந்த நிறுவனம் இந்தியாவில் எதை இழக்க நேரிடும் இடத்தில் நிற்கிறது? அடிபட்டால் மாற்ற வேண்டிய முன்விளக்கும் கதவும் எங்கிருந்து, எத்தனை நாளில் வரும்? மின்கல உத்தரவாதத்தில் கையெழுத்திடுவது தாய் நிறுவனமா, இங்குள்ள முகவரா? மூன்றுக்கும் எழுத்தில் பதில் கிடைத்தால், விலை குறைந்த புதியவரைத் துணிந்து தேர்ந்தெடுக்கலாம். கிடைக்காவிட்டால், மிச்சமாகும் 15 லட்சம் ரூபாயை மிச்சம் என்று கருதாமல், நாளைய செலவுக்கான முன்பணமாக வங்கியில் போட்டுவைப்பதே விவேகம்.