ஓதமில்லாத வீடு: வாடகைக் குடியிருப்போர் கொள்கைப் பிரகடனம்

சென்னையில் வாடகை வீடுகளில் பிள்ளை வளர்ப்பவர்கள் நாங்கள். ஐப்பசி பிறந்தால் எங்கள் சுவர் கறுக்கும். கூடவே பிள்ளைக்கு இளைப்பு வரும். காலண்டரைக் கழற்றினால் பின்னால் மிளகுப்பொடி தூவியதுபோல் கரும்புள்ளிகள். பீரோவை நகர்த்தினால் அதன் முதுகெல்லாம் பூஞ்சை. வீட்டுக்காரரிடம் சொன்னால் பதில் தயாராக இருக்கும்: "ஜன்னலைத் திறந்து வையுங்க, துணியை உள்ளே காயப்போடாதீங்க." மொட்டை மாடிச் சாவியைத் தன் இடுப்பில் வைத்துக்கொண்டுதான் இதைச் சொல்வார்.

எங்கள் கொள்கை ஒன்றே. ஓதம் கட்டடத்தின் பழுது. அதை அந்த வீட்டுப் பெண்ணின் சுத்தக்குறைவாக்கிப் பேசுவதை இனி ஏற்கமாட்டோம்.

இங்கிலாந்தின் ராச்டேலில் இப்படித்தான் பேசினார்கள். பூஞ்சை பிடித்த குடியிருப்பு பற்றி, அவாப் இஷாக் என்ற சிறுவனின் தந்தை 2017-இலேயே முறையிட்டார். உரிமையாளர் தரப்பில் மேலே பெயின்ட் அடித்துக்கொள்ளச் சொன்னார்கள். அந்தக் குடும்பம் வாழும் முறைமீதே பழி விழுந்தது. 2020 டிசம்பரில், இரண்டு வயதில், அவாப் இறந்தான். நெடுங்காலம் பூஞ்சைக் காற்றைச் சுவாசித்ததே காரணம் என்று 2022-இல் மரண விசாரணை சொன்னது. இன்று அங்கே அவன் பெயரால் சட்டம் இருக்கிறது: பெரிய அளவு ஓதம் என்று புகார் வந்தால், குறைந்த வாடகைக்கு விடப்படும் சமூக வீடுகளின் உரிமையாளர் 10 வேலை நாளுக்குள் ஆய்வு செய்தாக வேண்டும்.

எல்லா இளைப்புக்கும் சுவரே காரணம் என்று நாங்கள் சொல்லவில்லை. ஆனால் ஓதமும் பூஞ்சையும் உள்ள வீடுகளில் ஆஸ்துமாவும் மூச்சுத் தொல்லைகளும் அதிகம் என்பதை உலக சுகாதார நிறுவனம் 2009-இலேயே பதிவு செய்துவிட்டது. குழந்தையின் மூச்சுக்குழாய் குறுகலானது. எடைக்கு எடை பார்த்தால் குழந்தை நம்மைவிட அதிகக் காற்றை இழுக்கிறது. நெபுலைசர் வைத்து வீட்டுக்கு அழைத்து வருகிறோம், அதே சுவரோரம் படுக்கவைக்கிறோம்.

பூஞ்சைக்கு வேண்டியது ஈரம். அது மேல்வீட்டுக் குளியலறைக் குழாயிலிருந்து கசியலாம், தளத்தில் தேங்கிய மழைநீர் இறங்கலாம், ஈரத்தடுப்பு போடாத அஸ்திவாரத்திலிருந்து ஏறலாம். அதை நிறுத்தாமல் அடிக்கும் பெயின்ட் அடுத்த மழையில் உப்பி உரியும். பிளீச்சிங் பவுடரும் அப்படித்தான். கறை போகும், ஈரம் போகாது. உலர்ந்த பூஞ்சையைத் துடைப்பத்தால் தேய்ப்பது இன்னும் மோசம், வித்துகள் அறையெங்கும் பறக்கும். மாஸ்க் போட்டு, ஈரத்துணியால் துடையுங்கள். பிள்ளை பக்கத்தில் வேண்டாம்.

2019-இல் நடைமுறைக்கு வந்த நம் வாடகைச் சட்டம் கட்டுமானப் பழுதையும் குழாய் மாற்றுவதையும் உரிமையாளரின் பொறுப்பு என்கிறது. அட்வான்ஸ் வாங்கும்போது அந்தப் பக்கத்தை யாரும் படித்துக் காட்டுவதில்லை. நாங்கள் படித்துக் காட்டுவோம். ஓதப் புகாருக்கு இங்கேயும் நாள் கெடு வேண்டும் என்று அரசைக் கேட்போம். புகார் சொன்னதற்காக வீட்டைக் காலி செய்யச் சொன்னால், அந்தக் குடும்பத்தோடு தெருவே போய் நிற்கும்.

உறுப்பினராகச் சந்தா கிடையாது. கீழ்த்தளத்தில் அதே ஓதத்தில் குடியிருக்கும் வீட்டுக்காரர்களும் சேரலாம். முதல் வேலை இதுதான்: இந்த மழைக்கு முன் ஒவ்வொருவரும் பீரோவை நகர்த்திச் சுவரைத் தேதியோடு படமெடுங்கள், பழுதை எழுதி, உரிமையாளரிடம் கொடுத்து, நகலில் கையெழுத்து வாங்குங்கள்.